உடுப்பைப் பார்த்து ஆளை எடைபோடுவது: வரவேற்பு மேசைக்குப் பயிற்சி எப்படி அமைப்பது?

#1 மேசைப்பொறுப்பு

வரவேற்பு மேசையில் மாறி மாறி உட்காரும் எட்டுப் பேருக்கு அரைநாள் பயிற்சி தயாரிக்கிறேன். கசங்கிய சட்டையும் தேய்ந்த செருப்புமாக வருபவரை ஓரமாக நிற்க வைப்பது, இஸ்திரி மடிப்புக் கலையாமல் வருபவருக்கு நாற்காலி இழுத்துப் போடுவது. மாற்ற வேண்டியது இதுதான்.

ஆரம்பத்தில் அந்தப் பிரபலமான கதையைப் போடலாமா என்று யோசனை. நைந்த கோட்டுக்காரரும் அவர் மனைவியும் ஹார்வர்டு தலைவரைப் பார்க்கப் போகிறார்கள். செயலாளர் மணிக்கணக்கில் காக்க வைக்கிறார். ஹார்வர்டில் படித்து இறந்துபோன மகன் பேரில் அங்கே கட்டடம் கட்ட வேண்டும் என்று கேட்டதும் தலைவர் கேலி செய்கிறார். அவர்கள் எழுந்து போய் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தையே கட்டிவிடுகிறார்கள்.

இரண்டு கேள்வி. கதை நடந்ததா? "தோற்றத்தை வைத்து முடிவு செய்யாதே" என்று சொல்லிவிட்டுப் போவதைத் தாண்டி, மறுநாள் காலையிலேயே செய்யக்கூடிய மாதிரி என்ன இருக்கிறது? சொந்த அனுபவங்கள் வேண்டாம், அவை என்னிடமே மூட்டை மூட்டையாக இருக்கின்றன. செய்முறைதான் வேண்டும்.

#2 பழங்கணக்கு

கதை பொய்.

மகன் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு ஜூனியர் ஹார்வர்டில் படிக்கவே இல்லை. 1884இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் டைஃபாய்டில் இறந்தபோது அவனுக்கு வயது 15. அப்பா 1862, 63இல் கலிஃபோர்னியாவின் ஆளுநராக இருந்தவர், சென்ட்ரல் பசிஃபிக் ரயில் நிறுவனத்தின் தலைவர். 1869இல் அமெரிக்காவின் குறுக்கே போன முதல் ரயில் பாதை முடிந்தபோது தங்க ஆணியை அடித்தவரும் அவர்தான். நைந்த கோட்டில் யாரும் அடையாளம் தெரியாமல் காக்க வைக்கிற ஆளா இவர்? தம்பதி ஹார்வர்டு தலைவர் சார்லஸ் எலியட்டைச் சந்தித்தது உண்மை. அவர் உட்கார வைத்துப் பேசினார், என்ன செய்யலாம், எவ்வளவு நிதி வேண்டியிருக்கும் என்று ஆலோசனை சொன்னார். பல்கலைக்கழகம் 1885இல் நிறுவப்பட்டு, 1891இல் திறக்கப்பட்டது. அவமானம், பழிவாங்கல் எல்லாம் பிறகு சேர்த்த மசாலா.

பயிற்சியில் இதைப் போட்டால் கடைசி வரிசையில் ஒருவர் செல்பேசியில் தேடிப் பார்த்துவிடுவார். அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது.

#3 தராசுமுள்

நடந்த கதையாகவே இருந்தாலும் போடாதீர்கள் என்பேன்.

இந்த வகையில் உண்மைச் சம்பவமும் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பெட்ரோல் பங்க் வேலையும் துப்புரவு வேலையும் பார்த்த ரொனால்ட் ரீட், 2014இல் 92 வயதில் இறந்தார். கோட்டுக்கு ஊக்குப் போட்டுத் திரிந்தவர். விட்டுப்போன சொத்து சுமார் 80 லட்சம் டாலர். அதில் 48 லட்சம் ஊர் மருத்துவமனைக்கு, 12 லட்சம் நூலகத்துக்கு.

இதைக் கேட்கிற ஊழியர் மனசில் பதிவது என்ன? "ஜாக்கிரதை, இந்த ஆள் கோடீஸ்வரனா இருந்தாலும் இருப்பான்." அப்படியென்றால் இல்லை என்று தெரிந்ததும் பழையபடி விரட்டலாம் என்றுதானே ஆகிறது? பழைய உடுப்பில் வருபவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் ஒளித்து வைத்த பணம் எதுவும் கிடையாது. அவர்களுக்கும் அதே பதில், அதே நேரத்துக்குள், அதே மரியாதையோடு கிடைக்க வேண்டும். பயிற்சியின் நோக்கமே அதுதான் என்றால், கடைசியில் பணக்காரனாக மாறுகிற கதை அந்த நோக்கத்தையே கவிழ்த்துவிடும். கதை சொல்லாமல் பயிற்சி நடக்காதா என்ன?

#4 நூறுமில்லி

தராசுமுள் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: "உடுப்பைப் பார்க்காதே" என்ற அறிவுரையும் வேலை செய்யாது. காரணம், முடிவு எடுக்கப்படும் வேகம்.

2006இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜனின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டோடரோவ் இருவரும் அறிமுகமில்லாத முகங்களை 100 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு, மட்டும் காட்டி "நம்பலாமா, திறமைசாலியா" என்றெல்லாம் கேட்டார்கள். நேரக் கட்டுப்பாடே இல்லாமல் பார்த்தவர்கள் சொன்னதோடு அந்தப் பதில்கள் பெரிதும் ஒத்துப்போயின. இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்தபோது கூடியது என்ன தெரியுமா? பதிலின் மேல் இருந்த நம்பிக்கை. பதில் பெரிதாக மாறவில்லை.

2020இல் டோங்வோன் ஓ, எல்டார் ஷாஃபிர், டோடரோவ் மூவரும் உடுப்புக்கே வந்தார்கள். ஒரே முகம், கழுத்துக்குக் கீழே மட்டும் சற்று வசதியாகத் தெரியும் சட்டை அல்லது சற்று எளிமையாகத் தெரியும் சட்டை. 129 மில்லி விநாடி காட்டினாலே போதும், வசதிச் சட்டையோடு வந்த முகம் "அதிகத் திறமைசாலி" ஆகிவிட்டது. உடுப்பைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள், பணம் தருகிறோம் என்றும் ஆசை காட்டினார்கள். சாய்வு போகவில்லை.

ஆக, கண்ணை மாற்ற முடியாது. கண் முடிவு சொன்ன பிறகு கையும் வாயும் செய்வதைத்தான் மாற்ற முடியும்.

ஒரு இடத்தில் பட்ட அபிப்பிராயம் மற்ற இடத்துக்கும் ஒழுகும் என்பதை 1920இலேயே உளவியலாளர் தார்ன்டைக் காட்டிவிட்டார். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழே இருந்தவர்களுக்கு உடல்வாகு, அறிவு, தலைமை, குணம் என்று தனித்தனியாக மதிப்பெண் போட்டார்கள். ஒன்றில் உயர்ந்தவர் எல்லாவற்றிலும் உயர்ந்தார். மேசையில் நடப்பதும் அதேதான். செருப்பு தேய்ந்திருக்கிறது, ஆகவே படிக்கத் தெரியாது, ஆகவே தவறான இடத்துக்கு வந்திருக்கிறார், ஆகவே அவசரமில்லை. நாலு முடிவு, ஆதாரம் ஒரு செருப்பு.

#5 மேசைப்பொறுப்பு

கதையை வெட்டியாச்சு. கையும் வாயும் என்கிறீர்களே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள்.

#6 முதல்வரி

மேசையில் தவறு விழுகிற இடங்கள் எல்லாம் முதல் அரை நிமிடத்துக்குள்ளேயே வந்துவிடும்.

முதலில் வரிசை. "யார் முதலில் வந்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறது" என்று நம்பினால், பளிச்சென்று வந்தவர் தன்னையறியாமலே முன்னால் நழுவிவிடுவார். ஊழியர் வேண்டுமென்று செய்வதில்லை. மேசை மேல் கையை ஊன்றி நிற்பவரைப் பார்ப்பதும், சுவரோரமாக ஒதுங்கி நிற்பவரை விடுவதும் தானாக நடக்கிறது. எளிய உடுப்பில் வருபவர்தான் பெரும்பாலும் ஒதுங்கி நிற்பவர். எண் அச்சிட்ட சீட்டு வையுங்கள், உள்ளே நுழைந்ததும் கைக்கு எட்டும் இடத்தில். மேசை மேல் வைத்தால் மேசைக்கு வரத் தயங்குபவருக்குக் கிடைக்காது. இயந்திரம் இல்லையென்றால் 1 முதல் 50 வரை எழுதிய அட்டைக் கட்டு போதும்.

இரண்டாவது, பத்து விநாடி விதி. வாசலைத் தாண்டிய யாருக்கும் பத்து விநாடிக்குள் ஒரு பார்வையும் தலையசைப்பும். தொலைபேசியில் இருந்தாலும் கை காட்டி உட்காரச் சொல்லலாம்.

மூன்றாவது, முதல் வாக்கியம். ஒன்றையே எழுதி, எல்லோருக்கும் அதையே சொல்ல வேண்டும்:

"வணக்கம், வாங்க. என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

இதையே ஆளுக்கு ஆள் எப்படி மாற்றுகிறோம் பாருங்கள். "சொல்லுங்க சார்" ஒருவருக்கு. "என்னம்மா வேணும்?" இன்னொருவருக்கு. "யாரைப்பா பார்க்கணும்?" அடுத்தவருக்கு. "இங்க எதுக்கு நிக்கிறீங்க?" சுவரோரம் நிற்பவருக்கு. தமிழில் வினைமுடிவே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு "ங்க" குறைந்தால் போதும், எதிரில் இருப்பவர் தன் இடம் என்னவென்று புரிந்துகொள்வார். சிலருக்கு சார், சிலருக்குப் பெரியவரே என்று வைத்துக்கொள்ளாதீர்கள். விளியை விட்டுவிட்டு "ங்க"வை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

நான்காவது, ஊகத்தை உள்ளே வைத்துக் கேட்கும் கேள்விகள். "பார்சல் கொண்டு வந்தீங்களா?" "வேலை கேட்டு வந்தீங்களா?" "கூட யாரும் வரலையா?" இவை எல்லாம் கேள்வி மாதிரி வேஷம் போட்ட தீர்ப்புகள். வந்தவர் இயக்குநர் குழுவில் இருப்பவரோ, பார்சல் கொண்டு வந்தவரோ, திறந்த கேள்விக்கு இருவராலும் சுலபமாகப் பதில் சொல்ல முடியும். மூடிய கேள்வியில் ஒருவர் முதலில் மறுக்க வேண்டியிருக்கிறது.

படிவம் கொடுக்கும்போது "எழுதத் தெரியுமா?" என்று கேட்கக் கூடாது. "நீங்களே நிரப்புறீங்களா, நான் எழுதட்டுமா?" இதை எல்லோரிடமும் கேளுங்கள், டை கட்டியவரிடமும். கண்ணாடி மறந்து வந்தவருக்கும், கையில் கட்டுப் போட்டவருக்கும் இதே கேள்வி உதவும்.

குரலையும் கவனியுங்கள். எளிய உடுப்பைப் பார்த்ததும் சிலர் மெதுவாக, சத்தமாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் பேச ஆரம்பிப்பார்கள். அவர்களுக்கு அது அன்பு என்று தோன்றும். கேட்பவருக்கு அப்படித் தோன்றாது.

#7 காவல்மணி

எல்லாம் சரி. ஆனால் மேசையில் இருப்பவருக்குப் பாதுகாப்புப் பொறுப்பும் உண்டு. "எல்லோரையும் வாங்க வாங்க" என்றால் எப்படி? சந்தேகம் வந்தால் தடுக்கத்தானே வேண்டும்?

#8 தராசுமுள்

சந்தேகம் யார் மேல் வருகிறது என்பதுதான் சிக்கலே. 1906 அக்டோபர் 16, பெர்லினை ஒட்டிய கோப்பெனிக். வில்ஹெல்ம் ஃபோய்க்ட் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, பலமுறை சிறை போய் வந்தவர், பழைய துணி விற்கும் இடங்களில் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்த கேப்டன் சீருடையைப் போட்டுக்கொண்டார். தெருவில் போன படைவீரர்களை நிறுத்தி "பின்னால் வாருங்கள்" என்றார். வந்தார்கள். நகர மன்றத்துக்குள் போய் மேயரைக் கைது செய்தார், கருவூலப் பணத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

முந்தின வாரம் அதே மனிதர் அதே முகத்தோடு பழைய சட்டையில் போயிருந்தால் வாசற்படியிலேயே நிறுத்தியிருப்பார்கள். உடுப்பைப் பார்த்து ஆளை எடைபோடும் மேசை ஏழையைத் தடுக்கிற மேசை மட்டும் இல்லை. நல்ல சட்டை வாங்க வசதியுள்ள திருடனுக்கு அது திறந்த கதவு.

#9 காவல்மணி

ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் சரிபார்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்று நானே எழுதிவிடுகிறேன், இது என் துறை.

படி எல்லோருக்கும் ஒன்று. பெயர், யாரைப் பார்க்க, எத்தனை மணிக்கு. பிறகு அந்த நபரை உள் தொலைபேசிப் பட்டியலில் இருக்கும் எண்ணில் அழைக்க வேண்டும். வந்தவர் "இந்த நம்பருக்குப் போடுங்க" என்று நீட்டும் எண்ணில் அழைத்தால், மறுமுனையில் அவருடைய கூட்டாளியே எடுக்கலாம். உள்ளிருப்பவர் வந்து அழைத்துப் போக வேண்டும், தனியாக அனுப்பக் கூடாது. பதில் வரவில்லையா, யாராக இருந்தாலும் நாற்காலி.

கதவில் ஒரு அனுமதி அட்டைக்கு ஒரு ஆள். இங்கேதான் நல்ல உடுப்பு ஜெயிக்கிறது. கோட்டுப் போட்டவர் பின்னாலேயே வந்தால் கதவைப் பிடித்துக்கொள்கிறோம். ஒளிரும் மேலங்கியும் தலைக்கவசமும் போட்டவர் ஏணியோடு வந்தால் வழியே விடுகிறோம். இரண்டு கையிலும் அட்டைப்பெட்டி தூக்கி வந்தால் பாவம் என்று நாமே திறந்து விடுகிறோம். மூன்றையும் கட்டடங்களுக்குள் நுழைய நினைப்பவர்கள் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள்.

"கண்ணைப் பார்த்துப் பேசல, அதான் சந்தேகம்" என்பதைப் பயிற்சியில் பலர் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். வேண்டாம். சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006இல் நிறைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நடத்தையை வைத்து உண்மை, பொய் பிரிப்பதில் மக்கள் சரியாகச் சொன்னது சுமார் 54 சதவீதம். நாணயம் சுண்டினால் 50.

கூடுதல் சோதனை வேண்டுமென்றால் குலுக்கலில் விடுங்கள். காலையில் பகடை உருட்டி 4 விழுந்தால், அன்று ஒவ்வொரு நாலாவது ஆளுக்கும் பைச் சோதனை. "தோணுச்சு, அதனால நிறுத்தினேன்" என்பதற்கு இடமே இருக்காது. மாலையில் கொடுத்த அட்டைக்கும் திரும்பி வந்த அட்டைக்கும் கணக்குப் பாருங்கள். மீதி பூஜ்யம் வர வேண்டும்.

#10 நாடிபிடி

தோற்றத்தைப் பார்க்கவே கூடாது என்ற திசையில் இழை போகிறது. ஒரு குறுக்கீடு. தோற்றம் சொல்வது இரண்டு வகை. ஒருவரின் இப்போதைய நிலை ஒன்று: நனைந்திருக்கிறார், மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறியிருக்கிறது. அவர் எப்படிப்பட்டவர் என்பது இன்னொன்று: படித்தவரா, நம்பலாமா, காசு இருக்கிறதா. முதலாவதைக் கண் ஓரளவு நன்றாகவே சொல்லும், பார்க்காமல் விட்டால் ஆபத்து. இரண்டாவதில்தான் கண் பொய் சொல்கிறது.

இரண்டும் குழம்பும் இடத்தில் உயிரே போகலாம். அழுக்குச் சட்டை, தள்ளாட்டம், குழறும் பேச்சு. எல்லோரும் சொல்வது "குடி". அதே ஆள் நல்ல சட்டையில் தள்ளாடினால் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்போம். இரத்தச் சர்க்கரை இறங்கினாலும் இதே அறிகுறிகள்தான்: வியர்வை, நடுக்கம், எரிச்சல், குழறல், தடுமாற்றம். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் குறைவு, 54க்குக் கீழே ஆபத்து. நினைவோடு இருந்து விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். விழுங்க முடியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பக்கவாதமும் அப்படித்தான். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் அழைக்க வேண்டும், ஆரம்பித்த நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். சாராய வாடை அடித்தாலும் இதையெல்லாம் பார்க்கத்தான் வேண்டும். குடித்தவருக்கும் பக்கவாதம் வரும்.

இன்னும் சில. கூப்பிட்டும் திரும்பாதவருக்குக் காது கேட்காமல் இருக்கலாம். சிரிக்காத, அசையாத முகத்தைத் "திமிர்" என்கிறோம். பார்க்கின்சன் நோயில் முகத் தசை இறுகிப் பாவமே வெளிப்படாது. கண்ணைப் பார்க்காதவர் ஆட்டிசம் உள்ளவராக இருக்கலாம். பச்சை நாடாவில் மஞ்சள் சூரியகாந்தி போட்ட கழுத்துப்பட்டை 2016இல் லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் இதற்காகத்தான் தொடங்கியது. வெளியே தெரியாத குறைபாடு இருக்கிறது, கொஞ்சம் கூடுதல் நேரம் தேவைப்படலாம் என்று பொருள். உங்கள் ஊழியர் அந்த நாடாவை அடையாளம் தெரிந்து வைத்திருக்கட்டும். நாடா போடாதவருக்கு ஒன்றும் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

#11 தெருவிசை

உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஜோஷுவா பெல்லை விட்டுவிட்டீர்களே! 2007 ஜனவரி 12, வாஷிங்டன் மெட்ரோ நிலையம், ஜீன்ஸும் தொப்பியுமாக 43 நிமிடம் வயலின் வாசித்தார், கையில் 1713ஆம் வருஷத்து ஸ்ட்ராடிவாரி என்ற அரிய வயலின். கடந்துபோனவர் 1,097 பேர், நின்று கேட்டவர் 7 பேர். ஒரு மேதையை உடுப்பை வைத்து ஒதுக்கியதற்கு இதைவிட என்ன வேண்டும்?

#12 நூறுமில்லி

எண்கள் சரி, முடிவு சரியில்லை. வேலைக்குப் போகிற அவசரக் காலை நேரம், ரயில் நிலைய வாசல். அதே இடத்தில், அதே நேரத்தில், கச்சேரி உடையில் அவர் நின்று வாசித்துப் பார்க்கவில்லையே. ஒப்பிட இன்னொரு பக்கம் இல்லாதபோது பழியை உடுப்பின் மேல் எப்படிப் போடுவது? அவசரம்தான் காரணம் என்றாலும் அதே 7 வரும்.

உடுப்பை மட்டும் மாற்றிப் பார்த்த சோதனைகள் வேறு. 1955இல் லெஃப்கோவிட்ஸ், பிளேக், மவுட்டன் மூவரும் ஒரே ஆளைச் சிவப்பு விளக்கில் சாலையைக் கடக்க விட்டார்கள், ஒருமுறை கோட்டும் டையுமாக, ஒருமுறை உழைப்பாளி உடுப்பில். கோட்டுப் போட்டபோது பின்னாலேயே விதியை மீறிக் கடந்தவர்கள் அதிகம். 1971இல் லியோனார்ட் பிக்மன், தொலைபேசிக் கூண்டில் நாணயத்தை விட்டுவிட்டு, அடுத்து வந்தவரிடம் "இங்க என் காசு இருந்துச்சா?" என்று கேட்க ஆட்களை அனுப்பினார். நல்ல உடுப்பில் கேட்டவர்களுக்கு 77 சதவீதம் பேர் திருப்பிக் கொடுத்தார்கள், எளிய உடுப்பில் கேட்டவர்களுக்கு 38. கேள்வி ஒன்று, காசு ஒன்று, கூண்டும் ஒன்று. இதைத்தான் பயிற்சியில் காட்டுவேன்.

#13 தெருவிசை

சரி, பெல்லை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். நாளெல்லாம் வாடிக்கையாளரைப் பார்க்கிற கைதேர்ந்த விற்பனையாளர்களுக்குத் தோற்றத்தை வைத்துச் சரியாகக் கணிக்கத் தெரியும் என்பார்களே?

#14 தராசுமுள்

அவர்கள் தலைகீழாகக் கணிக்கக் கற்றுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். 2014இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் மிலான் நகரின் விலையுயர்ந்த ஆடைக்கடை ஊழியர்கள், நேர்த்தியாக உடுத்தி வருபவரைவிட உடற்பயிற்சி உடுப்பில் சாதாரணமாக நுழைபவர்தான் வாங்கக்கூடியவர் என்றார்கள். காசு இருப்பவருக்குத்தான் இங்கே அலட்சியமாக வரத் தைரியம் வரும் என்பது கணக்கு. ஆனால் பாருங்கள், இதுவும் உடுப்பை வைத்துத்தான். "எளிமையா இருக்கார், அப்போ பெரிய ஆள்" என்பதும் எடைபோடல்தான், எடைக்கல் தட்டு மாறியிருக்கிறது. இதில் நடுவே மாட்டிக்கொள்பவர், அந்த இடத்துக்கு இருப்பதில் நல்லதைப் போட்டுக்கொண்டு வந்த சாதாரண மனிதர். அவரை இரண்டு வகையினரும் தள்ளிவிடுகிறார்கள்.

#15 திரைமறைவு

வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இது இன்னும் பாதிக்கும் என்பதால் சுருக்கமாக. இசைக்குழுத் தேர்வுகளில் வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைப்பார்கள். செருப்புச் சத்தம் ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுக்கும் என்பதால் தரைவிரிப்பும் போடுவார்கள். நேர்காணலில் திரை போட முடியாது, ஆனால் வரிசையை மாற்றலாம். வேலை மாதிரியை முதலில் வாங்கி, பெயரும் படமும் இல்லாமல் மதிப்பெண் போட்டுப் பூட்டி வைத்துவிடுங்கள், பிறகு நேரில் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. ஒவ்வொரு பதிலுக்கும் பதில் முடிந்த உடனே 1 முதல் 5 வரை. 1 என்றால் என்ன, 3 என்றால் என்ன, 5 என்றால் என்ன என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். இரண்டு தேர்வாளர்கள் தங்கள் எண்ணை எழுதி முடிக்கும்வரை ஒருவரோடொருவர் பேசக் கூடாது. கடைசியில் மொத்தமாக ஒரு எண் போடச் சொன்னால், அது பெரும்பாலும் கதவைத் திறந்தபோது விழுந்த எண்ணாகத்தான் இருக்கும்.

#16 மேசைப்பொறுப்பு

இதுவரை சேர்த்தது: கதை இல்லை. பிக்மன் சோதனையோடு தொடக்கம். பிறகு முதல்வரி சொன்ன வாக்கியம், ஜோடி ஜோடியாகப் பழக்கம். காவல்மணியின் படிகள். நாடிபிடியின் அறிகுறிகள் ஒரு பக்க அட்டையில். நடுவில் ஒரு விளையாட்டு: பத்துப் புகைப்படம் காட்டி "இதில் யார் நீதிபதி, யார் தோட்டக்காரர்?" என்று கேட்டு, கடைசியில் விடையைச் சொல்லி அதிர வைப்பது.

பயிற்சி வேலை செய்ததா என்று எப்படி அளப்பது?

#17 முதல்வரி

புகைப்பட விளையாட்டை எடுத்துவிடுங்கள். எதை நிறுத்த நினைக்கிறோமோ அதையே பத்துமுறை பழக்குகிறது. அதோடு "தோட்டக்காரர் மாதிரி இருந்தவர் நீதிபதி" என்று வியக்க வைத்தால், தோட்டக்காரர் என்றால் குறைவு என்பது சொல்லாமலே உள்ளே போகிறது. அதற்குப் பதிலாகப் பத்துக் கோரிக்கைகளை எழுத்தில் மட்டும் கொடுத்து, அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று பழக்குங்கள்.

#18 நூறுமில்லி

அளப்பதற்கு: ஒரே வயது, ஒரே பாலினம், ஊழியருக்கு அறிமுகமில்லாத இரண்டு பேர். ஒரே கோரிக்கை, மனப்பாடமாக ஒரே வார்த்தைகள். ஒருவர் நல்ல உடுப்பில், ஒருவர் எளிய உடுப்பில், பாதி வருகைகள் முடிந்ததும் உடுப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் உடுப்பை அளக்கிறோமா, ஒருவருடைய சிரிப்பை அளக்கிறோமா என்று தெரியாது. காலை, மாலை இரண்டும் சமமாக வர வேண்டும், காலையில் எல்லோருமே கொஞ்சம் மலர்ச்சியாகத்தான் இருப்பார்கள்.

குறிக்க வேண்டியவை: வாசலிலிருந்து முதல் சொல் வரை எத்தனை விநாடி, "ங்க" வந்ததா, உட்காரச் சொன்னார்களா, அடையாள அட்டை கேட்டார்களா, சரியான இடத்துக்கு அனுப்பினார்களா. வெளியே வந்து ஐந்து நிமிடத்துக்குள் எழுதிவிட வேண்டும். "மரியாதையாக நடந்தார்களா, 1 முதல் 10" என்ற கேள்வியை மட்டும் வைக்காதீர்கள், தார்ன்டைக் மறுபடி வந்து உட்கார்ந்துவிடுவார்.

எண்ணிக்கை முக்கியம். பத்துப் பத்து வருகையில் நல்ல உடுப்புக்கு 8 முறை நாற்காலி, எளிய உடுப்புக்கு 5 முறை என்றால் அது தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். முப்பது முப்பதில் 24க்கு 15 என்றால் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. பயிற்சிக்கு முன்னால் 60 வருகை, பின்னால் 60 வருகை. பின்னால் வரும் அறுபதைப் பயிற்சி முடிந்த வாரமே ஆரம்பிக்காதீர்கள். அந்த வாரம் எல்லோரும் நல்லவர்கள்.

#19 மேசைப்பொறுப்பு

விளையாட்டு நீக்கம். 60 வருகை என்றால் வாரம் பத்தாக ஆறு வாரம், முடியும். சோதனை ஆட்கள் வருவார்கள் என்று ஊழியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா? தவறியவர் பெயரைக் குறித்து நடவடிக்கை எடுக்கலாமா?

#20 காவல்மணி

வருவார்கள் என்று சொல்லுங்கள், எப்போது என்று சொல்லாதீர்கள். பெயர் குறிக்காதீர்கள், மேசை மொத்தத்துக்கும் ஒரே கணக்கு. தண்டனை என்று வைத்தால் இரண்டாவது வாரத்திலேயே எட்டுப் பேரும் ஒரு வேலையில் இறங்கிவிடுவார்கள்: உள்ளே வருபவர்களில் யார் சோதனைக்கு வந்த ஆள் என்று உடுப்பைப் பார்த்துக் கண்டுபிடிப்பது.